கிறிஸ்தவ வாழ்வில் விவேகம்: யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

விவேகம் என்பது, ஒரு சூழ்நிலையில் எது தகும், எது தகாது என்று பிரித்துப் பார்த்து அதன்படி நடக்கும் திறன். கிறிஸ்தவ மரபு இதை வெறும் சாமர்த்தியமாக எண்ணுவதில்லை. பயிற்சியால் வளர வேண்டிய ஒரு புண்ணியமாக எண்ணுகிறது. கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் நான்கு தலையான புண்ணியங்களைச் சொல்லும்போது விவேகத்தைத்தான் முதலில் வைக்கும். பிற்காலத்துப் புத்தகங்களில் அதுவே ‘முன்மதி’ ஆயிற்று. பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களில் ‘விமரிசை’ என்று ஒன்று உண்டு. இன்றைய பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் விழிக்கிறார்கள்; நல்ல ஆலோசனை என்று விளக்க வேண்டியிருக்கிறது. சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலோ, நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரத்தில் பேதைகளுக்குக் கிடைக்கவேண்டிய நன்மையாக ‘வினா’ என்ற சொல் வருகிறது. அங்கே அதற்கு அறிவுக்கூர்மை என்று பொருள். ஆனாலும் ‘கேள்வி’ என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்கே பிரித்தறியத் தெரியும் என்பதுபோல.

விவேகம் என்ற வடசொல்லின் வேர்ப்பொருளே ‘பிரித்தல்’தான். தமிழில் பகுத்தறிதல் என்றாலும் அதுவே. ராகியை முறத்தில் போட்டுப் புடைக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூசியும் மணியும் ஒரே குவியலில்தான் வரும். கையசைவு தெரிந்தவரிடம் மணி நிற்கும், தூசி பறக்கும்.

கட்டளைகள் தெளிவாக இருக்கும் இடத்தில் விவேகத்துக்கு அதிக வேலை இல்லை. களவு செய்யலாமா, பொய்ச்சாட்சி சொல்லலாமா என்று யாரும் கூடி யோசிக்கத் தேவையில்லை. கட்டளை எதுவும் நேராகப் பேசாத இடத்தில்தான் சிக்கல் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கெலமங்கலம் போன்ற ஊரில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் புழங்கும். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். பக்கத்து வீட்டில் மாரியம்மன் பண்டிகைக்குப் படைத்த சோறு வருகிறது, வாங்கலாமா? வேலை செய்யும் இடத்தில் ஆயுத பூசை, நிற்கலாமா? உறவினர் வீட்டுச் சாவில் பால் தெளிக்கச் சொல்கிறார்கள், தெளிக்கலாமா? ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று ஒருவர் கடந்துபோகிறார். ‘எல்லாம் பாவம்’ என்று இன்னொருவர் கதவை மூடிக்கொள்கிறார். இரண்டுமே யோசிக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் வழிகள்.

கொரிந்து நகரத்து இறைச்சி

இந்தக் கேள்வி புதிது அல்ல. கி.பி. 50களில் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில், ஏறக்குறைய நம்முடைய கேள்வியேதான் இருக்கிறது. கொரிந்து கிரேக்க நாட்டுத் துறைமுக நகரம். கோயில்களில் பலியிட்ட இறைச்சி அங்கே விருந்துக்கும் போகும், கடைத்தெருவுக்கும் வரும். அதைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்று சபையில் இரண்டு கட்சி.

பவுல் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம், சொல்லவில்லை. கோயில் பந்தியிலேயே உட்கார்ந்து உண்பது வழிபாட்டில் பங்கு கொள்வது, ஆகவே கூடாது என்கிறார். கடையில் விற்பதை எங்கிருந்து வந்தது என்று துருவாமல் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அயலார் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வைத்ததை உண்ணலாம்; ஆனால் இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு உண்ணாமல் விடவேண்டும். இறைச்சி ஒன்றுதான், இடமும் ஆளும் மாறும்போது பதில் மாறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே எதை உண்டாலும் குற்றமில்லை என்று வாதாடிய படித்தவர்களின் வாதத்தைப் பவுல் தவறென்று சொல்லவில்லை. உங்களுடைய அறிவு சரிதான், ஆனால் அந்த அறிவு இல்லாத எளிய சகோதரன் உங்களைப் பார்த்து இடறினால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறார். பலவீனமானவனுக்கு என்ன ஆகும் என்பதை அளவுகோலாக வைத்தது அவருடைய விவேகம். வாதத்தில் வென்றவருக்கும் கடமை பாக்கி இருக்கிறது. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் வரலாற்றில் அது தேவைப்படும்.

கிணற்றில் குதித்த துறவி

நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளிடையே, எல்லாப் புண்ணியங்களிலும் பெரியது எது என்று ஒரு பேச்சு எழுந்தது. நோன்பா, ஏழ்மையா, தனிமையா? இவை எல்லாவற்றையும் வைத்திருந்தும் சிலர் கெட்டுப்போனதைக் கண்டோம், அவர்களிடம் இல்லாமல் போனது விவேகம் ஒன்றுதான் என்றார்கள் மூத்தவர்கள். காசியான் என்ற துறவி 420களில் எழுதிய உரையாடல் நூலில், மோசே என்ற மூத்தவர் வாயிலாக இது வருகிறது.

அங்கே சொல்லப்படும் எரோன் என்பவரின் கதை மறக்க முடியாதது. ஐம்பது ஆண்டு பாலைவனத்தில் கடும் நோன்பு இருந்தவர். உயிர்ப்புப் பெருவிழா அன்றுகூட மற்றச் சகோதரர்களோடு உட்கார்ந்து உண்ண மாட்டார். உண்டால் தம் உறுதி தளர்ந்துவிட்டதாக ஆகிவிடுமாம். யாரிடமும் எதையும் கேட்டு நடக்கும் பழக்கமும் இல்லை. ஒருநாள் வானதூதர் வடிவில் தோன்றியது, ‘உன் புண்ணியத்துக்கு உனக்கு ஒன்றும் ஆகாது, கிணற்றில் குதி’ என்றது. நடு இரவில் குதித்துவிட்டார். சகோதரர்கள் குற்றுயிராகத் தூக்கினார்கள். மூன்றாம் நாள் இறந்தார். இறக்கும்வரை தாம் ஏமாந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பதுதான் கதையில் மனத்தை அறுக்கும் இடம்.

ஆகவே தன் எண்ணங்களை மூத்தவர்கள்முன் வைத்துக் கேட்பதே விவேகத்தின் முதற்படி என்கிறார் மோசே. அதோடு நிறுத்தியிருந்தால் இது வழக்கமான அறிவுரை. அவர் உடனே இன்னொரு கதையையும் சொல்கிறார். சோதனையில் சிக்கிய ஓர் இளைஞன் ஒரு முதியவரிடம் மனம் திறக்கிறான். அவர் அவனைத் திட்டி நம்பிக்கை இழக்கச் செய்து விரட்டிவிடுகிறார். நரைத்த தலை என்பதற்காக மட்டும் ஒருவரிடம் ஆலோசனை கேட்காதே என்பது அந்தக் கதையின் பொருள். எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு உறைக்க வேண்டிய கதை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை ஒழுங்குபடுத்தி மூன்று செயல்களாகச் சொன்னார்: ஆலோசிப்பது, தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்ய வைப்பது. மூன்றாவதுதான் தலையானது என்பது அவர் கருத்து. யோசித்துக்கொண்டே காலத்தைக் கழிப்பவர் விவேகி ஆகமாட்டார். சூதும் விவேகம்போல வேடம் போட்டு வரும் என்றும் அவர் எச்சரித்தார். நோக்கம் நல்லதாக இருந்தாலும் பொய்யான வழியில் போனால் அது சூது.

தத்துவ போதகர் வழக்கு

தமிழ்நாட்டில் விவேகம் பற்றிய மிகப்பெரிய வழக்கு ஒன்று பதினேழாம் நூற்றாண்டில் நடந்தது. தீர்ப்புக்காக அது ரோமாபுரி வரை போயிற்று. இராபர்ட் தெ நொபிலி 1577-இல் ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். 1605-இல் கோவாவில் இறங்கி, 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு பத்தாண்டுக்கு மேல் பணியாற்றிவந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களையும் போர்த்துக்கீசியரையும் அவர் கவனித்தார். மதுரைக்காரர் யாரும் கிறிஸ்தவராகவில்லை.

காரணம் ‘பரங்கி’ என்ற சொல். அன்று மதுரையில் பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்டு மது குடித்துக் குளிக்காமல் திரியும் அந்நியன் என்று பொருள். பெர்னாண்டசோ, கிறிஸ்தவராகச் சேர விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில், பரங்கியராகச் சேர விருப்பமா என்று பொருள்படும்படி கேட்டுக்கொண்டிருந்தார். இதைக் கண்ட நொபிலி மதத்தையும் பரங்கித்தனத்தையும் பிரிக்க முடிவுசெய்தார். காவி உடுத்தார், மரமிதியடி அணிந்தார், மரக்கறி உணவுக்கு மாறினார், பெர்னாண்டசோடு தங்குவதையும் உண்பதையும் விட்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். வடமொழி கற்பித்தவர் சிவதர்மர் என்ற பிராமண ஆசிரியர். மக்கள் நொபிலியைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள். பின்னால் ‘ஞானோபதேசம்’ முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் எழுதினார். கற்பிக்கும் முன் தாம் கற்றவர் என்பதால் ஓர் ஆசிரியனாக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

1611-இல் தாம் பரங்கி அல்ல, பரங்கியர் நாட்டில் பிறந்தவரும் அல்ல என்று ஓலையில் எழுதி வீட்டின் முன் அறிவித்தார். பரங்கி என்றால் போர்த்துக்கீசியர் என்று எடுத்துக்கொண்டால் அது உண்மை. அவர் இத்தாலி நாட்டவர். ஆனால் ஐரோப்பியர் எல்லாருமே பரங்கியர் என்று எண்ணிய வழிப்போக்கர் அந்த ஓலையைப் படித்து என்ன புரிந்துகொண்டிருப்பார்? அக்குவினாஸ் சொன்ன விவேகத்துக்கும் சூதுக்கும் நடுவிலுள்ள வரப்பு இங்கேதான் ஓடுகிறது. நொபிலி வரப்பைத் தாண்டவில்லை, ஆனால் அதன் ஓரத்திலேயே நடந்தார் என்பது என் கணிப்பு.

பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். முப்புரி நூலும் குடுமியும் சந்தனமும் சடங்குக் குளியலும் சமயச் சின்னங்கள், கிறிஸ்தவருக்கு அவை ஆகா என்பது குற்றச்சாட்டு. வரலாற்றை எழுதுபவர்கள் பெர்னாண்டசைப் பொறாமை பிடித்த கிழவர் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது நியாயம் அல்ல. ஒரே ஊரில் ஒரே விசுவாசத்துக்கு ஒட்டாத இரண்டு சபைகளா என்ற கவலையும் அந்தப் புகாருக்குள் இருந்தது.

நொபிலி தம் பதிலை நீண்ட இலத்தீன் நூல்களாக எழுதினார். அவருடைய வழி இது: ஒரு பழக்கம் எதற்காக என்று அதைக் கைக்கொள்பவர்களையே கேட்க வேண்டும், அவர்களுடைய நூல்களையும் பார்க்க வேண்டும். நூல் அணிவது குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளம் என்றால் அது சமூக வழக்கம், வைத்துக்கொள்ளலாம். வழிபாட்டுக்கென்றே செய்யப்படுவது என்றால் விட்டுவிட வேண்டும். இரண்டும் கலந்திருந்தால் கலந்ததைப் பிரித்து, வழிபாட்டுப் பகுதியை நீக்க வேண்டும். கற்ற பிராமணர்களிடம் சாட்சியங்கள் வாங்கித் தம் வழக்கோடு வைத்தார்.

1619-இல் கோவாவில் கூடிய மன்றத்தில் பேராயர் உட்படப் பலர் அவருக்கு எதிராக நின்றார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புத் தந்தார். நூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றை அனுமதித்தார். கோயில் சடங்குத் தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விதித்தார். மேலும் ஆராயும்வரை என்ற எச்சரிக்கையையும் சேர்த்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையிலிருந்து வடக்கே நடந்து திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். ஓசூர் வட்டாரம் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது; எங்கள் பகுதிக் கத்தோலிக்கர் சேர்ந்துள்ள தருமபுரி மறைமாவட்டமும் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். ஆகவே இந்த வழக்கு எங்களுக்கு அயலூர்க் கதை இல்லை.

கேட்கப்படாதவர்கள்

1623-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கடைசிப் பகுதியை நொபிலியைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை. உயர்குலத்திலிருந்து வரும் கிறிஸ்தவர்கள் தாழ்ந்தவர்களை, குறிப்பாக வேதவாக்கியம் கேட்கும் இடத்திலும் அருட்சாதனம் பெறும் இடத்திலும், இகழக் கூடாது என்று திருத்தந்தை மன்றாடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரோமாபுரியில் இருந்தவருக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது.

நூலும் குடுமியும் வழிபாட்டுச் சின்னமா, சமூகச் சின்னமா என்று கேட்டவர்கள், சமூகச் சின்னம் என்று பதில் கிடைத்ததும் நின்றுவிட்டார்கள். அந்தச் சமூகச் சின்னம் யாரை எவ்வளவு தூரத்தில் நிற்க வைக்கிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. சாட்சியம் வாங்கியது நூல் அணிந்தவர்களிடம். அந்த நூலைக் கண்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவரிடம் அது சமயமா சமூகமா என்று விசாரித்திருந்தால், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். நொபிலியின் பகுப்பில் கூர்மை இருந்தது. முறத்தில் கொட்டிய குவியலிலேயே பாதி இல்லை.

அதன் விளைவுகள் நீண்டன. 1640-இல் பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். முதல்வர் பல்தசார் தா கோஸ்தா. மேல்குலத்தாரோடு மட்டுமே பழகும் சன்னியாசிக் குருக்களால் மற்றவர்களிடம் போக முடியவில்லை என்பதால் இந்த ஏற்பாடு. ஆயிரக்கணக்கான எளியோருக்கு இதனால் ஞானஸ்நானமும் நற்கருணையும் கிடைத்தன என்பது உண்மை. குருக்களே இரண்டு வரிசையாக நின்றார்கள் என்பதும் உண்மை. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704-இல் பதினாறு பிரிவுகள் கொண்ட ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அது தடுத்தது. பறையர் குலத்து நோயாளிகளின் வீட்டுக்கே சென்று குருக்கள் அருட்சாதனம் தரவேண்டும் என்றது. அப்படி ஆணையிட வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சண்டை தொடர்ந்தது, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணையிட்டு, குருக்கள் அனைவரும் அதற்கு உறுதிமொழி எடுக்கச் செய்தார். அந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது.

தாலி என்ன ஆயிற்று என்று பாருங்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாலியை விடவில்லை. சிலுவையோ புறாவோ பொறித்துக் கட்டிக்கொள்கிறார்கள். பழக்கத்தைப் பிரித்து வைத்துக்கொள்வது என்ற நொபிலியின் வழி இங்கே நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சாதியில் அது வேலை செய்யவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம் பீடத்தில் சேரும் இரண்டு கைகளாகவே கட்டப்பட்டது, இரு சாதியார் தனித்தனியே நிற்பதற்காக. 1910-இல்தான் பிரிவினைத் தடுப்பு இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையாரும் இதில் பெருமைப்பட இடமில்லை. ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூர் முதலிய இடங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சாதி வெறும் நாட்டு வழக்கம், சமயத்தோடு சேர்ந்தது அல்ல என்பதே எதிர்த்தவர்கள் சொன்ன நியாயம். எங்கோ கேட்ட வாதம்!

பவுலின் அளவுகோல் பலவீனமானவருக்கு என்ன ஆகும் என்பது. மதுரையில் அந்தக் கேள்வி வல்லவருக்காகவே கேட்கப்பட்டது: நூலை விடச் சொன்னால் பிராமணர் இடறிப் போய்விடுவாரே என்று. ஆலயத்து வாசலில் நின்றவர் இடறியது கணக்கில் வரவில்லை.

ஓசூர்த் தொழிற்கூடத்தில் ஆயுத பூசை

இனி நம் காலத்துக்கு வருவோம். கெலமங்கலத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் ஷிஃப்ட் பேருந்தில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள்; பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூசை. முதல் நாளே மெஷின்களைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, தரையைக் கழுவி, மாவிலை கட்டுவார்கள். மறுநாள் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் இனிப்புப் பெட்டியும் கொடுப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிறிஸ்தவப் பையனிடம் சூப்பர்வைசர் குங்குமத் தட்டைக் கொடுத்து, ‘நீயே வைப்பா’ என்கிறார். அவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். மறுத்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் இவனுக்கு.

நொபிலியின் கேள்வியை இங்கே கேட்கலாம்: இதில் எது வேலைப் பழக்கம், எது வழிபாடு? மெஷினைத் துடைப்பதும் தரையைக் கழுவுவதும் தோரணம் கட்டுவதும் வேலையும் கூட்டு மகிழ்ச்சியும். அதில் யாரையும்விட அதிகமாக உழைக்கலாம். பூசை நேரத்தில் மரியாதையோடு ஓரமாக நிற்பது வழிபாடு ஆகாது என்பது என் கருத்து. தட்டைக் கையில் வாங்கிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது வழிபாட்டின் நடுச்செயல். அதைக் கிறிஸ்தவன் செய்ய வேண்டாம். இனிப்புப் பெட்டி கம்பெனி எல்லாருக்கும் தருவது. கொரிந்துக் கடைத்தெரு இறைச்சிக்குப் பவுல் சொன்னதே இதற்கும். பொரி சுண்டலைப் பொறுத்தவரை சபைக்குச் சபை கருத்து வேறுபடும். உண்பவர் உண்ணாதவரை ஏளனம் செய்யவும் வேண்டாம், உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடவும் வேண்டாம் என்பது ரோமர் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டிய வழி.

மறுப்பதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதிலும் விவேகம் வேண்டும். எல்லார் முன்னிலையிலும் தட்டைத் தள்ளிவிடுவது சூப்பர்வைசரை அவமானப்படுத்தும். இரண்டு நாள் முன்பே தனியாகப் பார்த்து, ‘அண்ணா, நான் கிறிஸ்தவன், பூசை மட்டும் நான் செய்ய மாட்டேன், மற்ற வேலை எல்லாம் எனக்கே கொடுங்க’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் பகுதியில் ஒருவருக்கொருவர் பண்டிகைப் பலகாரம் கொடுத்து வாங்கிப் பழகிய மக்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, மதுரையில் விடுபட்ட கேள்வி: இதில் பலவீனமானவர் யார்? இருபது ஆண்டு வேலை செய்து நிரந்தரமான கிறிஸ்தவருக்கு மறுப்பது எளிது. அவரை யாரும் தொட முடியாது. ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த பையனுக்கு அது சோற்றுப் பிரச்சினை. நிரந்தரமானவர் தாம் மறுத்ததை ஆலயத்தில் சாட்சியாகச் சொல்லி, பையன் பயந்து குங்குமம் வைத்ததைப் பின்மாற்றம் என்று பேசினால், அது கொரிந்துப் படித்தவர்கள் செய்த தவறின் மறுபக்கம். பையனுக்காகச் சூப்பர்வைசரிடம் போய் அவர் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவர் நடத்தும் பட்டறைகளும் கடைகளும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் போதகரை அழைத்து செபம் செய்து கேக் வெட்டுகிறார்கள். அங்கே வேலை செய்யும் இந்துப் பையனும் முஸ்லிம் பையனும் கைகட்டி நிற்கிறார்கள். தலைகுனிந்து கண்ணை மூடச் சொல்கிறோமா? மூடாவிட்டால் மனத்தில் குறித்து வைக்கிறோமா? நமக்கு வேண்டிய இடைவெளியை அவர்களுக்கும் விட்டிருக்கிறோமா என்று முதலாளி அவர்களையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருந்தும் செபமும்

ஆயுத பூசையைவிட ஆபத்தான இடம் நோய்ப்படுக்கை. சுகமளிக்கும் கூட்டத்தில் செபித்த பிறகு, விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர்கள் உண்டு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றலாம். இன்சுலினை விட்டால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் கடவுள் தந்ததாகச் சொல்லி, செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடமும் கொடுக்க வேண்டும் என்கிறது. பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் செபத்தை மட்டும் எழுதி அனுப்பவில்லை. சிறிது திராட்சை மது சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

எரோனுக்குத் தோன்றிய தூதரைப் பற்றி இங்கே நினைக்க வேண்டும். உனக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொன்னது அது, குதித்தது எரோன். மருந்தை நிறுத்தச் சொல்பவருக்கு எதுவும் ஆகாது. பெரும்பாலும் முடிவெடுப்பவரும் நோயாளி அல்ல. வீட்டுக்காரரோ மாமியாரோ எடுப்பார்கள், படுத்திருக்கும் மருமகளைக் கேட்பதில்லை. வேறொருவர் உடலை வைத்து விசுவாசத்தைச் சோதிப்பது விசுவாசம் ஆகாது. செபிக்க வந்தவர் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி, ‘தவறாமல் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு முழங்காலிட்டால் எந்த வசனத்துக்கும் குறைவு வராது.

ஓலை வாசிக்கும் வழக்கம்

எல்லாரையும் கேட்டு முடிவெடுப்பதற்குத் திருச்சபையிலேயே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. நாம் அதை அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை. திருமணத்துக்கு முன் மூன்று முறை ஓலை வாசிக்கிறார்களே, அதுதான். 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் திருமணத்தை முன்கூட்டியே அறிவிக்க ஆணையிட்டது. மூன்று முறை என்று 1563-இல் திரெந்து சங்கம் வரையறுத்தது. ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளிலும் இவ்வழக்கம் உண்டு. இந்தப் பையனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர் சொல்லலாம் என்று குருவானவர் வாசிக்கிறார். இரகசியத் திருமணங்களால் கைவிடப்பட்ட பெண்களைக் காப்பது இந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. தெரிந்ததைச் சொல்ல வேண்டியது எல்லாருடைய கடமை. குடும்பப் பெரியவர்கள் வெற்றிலை மாற்றி முடித்த சம்பந்தமாக இருந்தாலும், அந்த மூன்று ஞாயிறும் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரப் பெண் எழுந்து பேசினால் குருவானவர் நின்று கேட்டாக வேண்டும்.